ஈய வண்டி

அன்று நான் நின்றுகொண்டு பேசினேனா, உட்கார்ந்துகொண்டு பேசினேனா என்பது எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. நின்றேன் என்கிறாள் என் மனைவி. நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு, பல் பிடுங்க வந்தவன் மாதிரி உட்கார்ந்திருந்தேன் என்று சத்தியம் செய்கிறான் அவள் தம்பி. எனக்கோ ஜன்னலில் மழை வழிந்துகொண்டிருந்ததாக ஞாபகம். நாங்கள் இருந்தது நிலவறை. அதற்கு ஜன்னலே கிடையாது.

மனிதர்கள் எப்படி யோசிக்கிறார்கள், யோசிக்கும்போது எந்த இடத்தில் வழுக்குகிறார்கள் என்பதைப் பாடமாக நடத்திச் சம்பளம் வாங்குகிறவன் நான். ஆகவே மற்ற இருவரிடமும் கேட்டுச் சரிபார்த்ததை மட்டும்தான் இங்கே எழுதுகிறேன். மனதுக்குள் நடந்தவற்றுக்குச் சாட்சி கிடையாது. அவற்றுக்கு என்னை நம்பித்தான் ஆக வேண்டும்.

என் மனைவி இயற்பியல்காரி. பல்கலைக்கழகத்தின் பழைய கட்டடத்தில், படி இறங்கிப் போகிற நிலவறையில் அவளுடைய தராசு இருந்தது. தராசு என்றால் தட்டு இரண்டு வைத்தது அல்ல. மேலிருந்து ஓர் இழை தொங்கும். தலைமுடியைவிட மெல்லியது. அதன் நுனியில் ஒரு குறுக்குக் கம்பி, கம்பியின் இரு முனையிலும் சுண்டுவிரல் நுனி அளவுக்கு எடைகள், நடுவில் ஒரு சின்னக் கண்ணாடி. அந்தக் கண்ணாடியில் பட்டுத் திரும்பும் ஒளி எதிர்ச்சுவரில் புள்ளியாக விழும். உலகத்தில் எடையுள்ள எல்லாமே ஒன்றையொன்று இழுக்கின்றன அல்லவா? பக்கத்தில் எங்காவது எடை கூடினால் கம்பி அந்தப் பக்கம் துளி திரும்பும், புள்ளி நகரும். அந்த நகர்வை நாளுக்கு நாள் ஒரு கோடாக வரைந்துகொண்டே வருவார்கள். அவ்வளவுதான் சங்கதி.

கட்டடத்துக்குப் பின்னால் ஒரு மேடு. மழை பெய்தால் அந்த மேட்டு மண்ணுக்குள் தண்ணீர் இறங்கிச் சேரும். "அந்தத் தண்ணிய ஒரு குழிகூடத் தோண்டாம, இங்க உட்கார்ந்தபடியே எடை போட்டுக் காட்டுறேன்" என்பது அவளுடைய சபதம். கூட்டங்களில் இதைச் சொன்னபோதெல்லாம் பின்வரிசையில் சிரித்தார்கள். லாரி போனாலே ஆடுகிற தராசு, வாசலில் ஆள் நின்றால் உடம்புச் சூட்டில் விலகுகிற தராசு, மண்ணுக்குள் இருக்கிற தண்ணீரை எடை போடுமாம்!

ஆட்டத்தை அடக்கும் வேலை அவள் தம்பியுடையது, அதாவது என் மச்சானுடையது. அவன் எந்திரப் பொறியாளன். ரப்பர், ஸ்பிரிங், மணல் மூட்டை என்று எதை எதையோ அடுக்கி அந்த அறையை ஒரு கல்லறை போல அசைவற்றதாக ஆக்கி வைத்திருந்தான். அக்காவுக்கும் தம்பிக்கும் ஒரு நாளும் ஒத்துப்போனதில்லை. புள்ளி நகர்ந்தால் அவள் "தண்ணி!" என்பாள். அவன் "நட்டு லூசு!" என்பான்.

இயற்பியல் துறைத் தலைவியை எல்லோரும் கத்தரிக்கோல் என்று அழைப்போம், அவர் காதில் விழாதபடி. அவர் மேசைக்குப் போன எந்தச் செலவுத் திட்டமும் முழுதாகத் திரும்பியதில்லை. அந்த வருடம் என்னையும் சேர்த்து எங்கள் மூவரையும் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னார்.

"இந்த மழைக்காலம்தான் கடைசி. ஒண்ணு, தண்ணியைக் காட்டுங்க. இல்லேன்னா அறையைக் காலி பண்ணுங்க. வேற துறை கேட்டுக்கிட்டு நிக்குது."

"காட்டுறேன் மேடம்" என்றாள் என் மனைவி.

"அங்கதான் எனக்குப் பயம். வெளியில மழை பெய்யிறது உங்களுக்குத் தெரியும். மழையைக் கேட்டுட்டு வந்து கோட்டைப் பார்த்தா, படுத்திருக்கிற கோடுகூட எழுந்து நிக்கிற மாதிரிதான் தெரியும். உங்களை ஏமாத்துறதுக்குன்னே ஒரு ஆள் வேணும்."

அவர் சொன்ன ஏற்பாடு ஆராய்ச்சி உலகில் புதிதல்ல. அளக்கிறவர்களுக்குத் தெரியாமல் ஒருவர் பொய்யான ஓர் இழுப்பை உண்டாக்குவார், அல்லது உண்டாக்காமலே இருப்பார். அளக்கிறவர்கள் இறுதிவரை இரண்டுக்கும் தயாராக இருந்து, தங்கள் கணக்கை முடித்து, இனி ஒரு புள்ளியைக்கூட மாற்றமாட்டோம் என்று கையெழுத்துப் போட்ட பிறகுதான் அவர் வாயைத் திறப்பார். பொய் இருந்தால் அதைக் கழிப்பார்கள். மிச்சம்தான் முடிவு. அதுபோக, கடைசியில் ஒப்பிட்டுப் பார்க்க மேட்டில் மச்சான் ஒரு குழாயை இறக்கி, நீர்மட்டத்தோடு ஏறி இறங்கும் மிதவை ஒன்றை வைத்திருந்தான். அதன் பதிவையும் கடைசி நாள்வரை யாரும் திறக்கக் கூடாது.

"யாரு மேடம் அந்த ஆள்?" என்றான் மச்சான்.

கத்தரிக்கோல் என்னைப் பார்த்தார். "இந்த வளாகத்திலேயே வாயைத் திறக்காத மனுஷன் இவர் ஒருத்தர்தான். மனைவியா இருந்தாலும் சொல்லமாட்டார்னு நம்புறேன்."

"மனைவியாச்சேன்னுதான் சொல்லமாட்டார்" என்றாள் என் மனைவி. "பால் வாங்கணும்னு சொல்றதுக்கே எங்க வீட்டுல ஒரு வாரம் ஆகும்."

எனக்குப் பேச்சு வராது என்பதல்ல. ஒரு கேள்விக்கும் அதன் பதிலுக்கும் நடுவில் இருக்கிற இடம் எனக்குப் பிடிக்கும். அங்கே கொஞ்ச நேரம் தங்கிவிடுவேன். அதற்குள் கேட்டவர்கள் எழுந்து போயிருப்பார்கள்.

பொய் இழுப்புக்கான கருவியை மச்சானே செய்தான். தராசு அறைக்கும் மேட்டுக்கும் நடுவில் இருந்த சின்ன அறையில் தண்டவாளம் போட்டு, அதன்மேல் ஈயக் கட்டிகள் அடுக்கிய ஒரு வண்டி. ஒரு மோட்டாரும் பெல்ட்டும் அதை மெல்ல மெல்லத் தராசு அறைச் சுவர் பக்கம் நகர்த்தும். நத்தை பார்த்தால் சிரிக்கும், அவ்வளவு மெல்ல. ஈயம் நெருங்க நெருங்க, தராசுக்கு மேட்டில் தண்ணீர் கூடுவது போலவே தோன்றும். வண்டி எதிலாவது முட்டினால் மோட்டார் கருகாமல் இருக்க, பெல்ட் தானாக வழுக்கிக்கொள்ளும்படி வைத்திருந்தான். அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் பெற்ற பிள்ளையைப் பற்றிப் பேசும் களை.

சுவிட்சுப் பெட்டி மாடியில், தத்துவத் துறையில், என் அறையில். வண்டி எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று ஓர் எண் அதில் ஓடும். அந்தச் சின்ன அறைக்குள் நான் உட்பட யாரும் போகக் கூடாது, ஆள் நடந்தாலே தராசு விலகும் என்று கதவைப் பூட்டிச் சாவியைக் கத்தரிக்கோலிடம் கொடுத்தான்.

மழைக்காலம் தொடங்கியது. போடுவதா வேண்டாமா என்று பல நாள் யோசித்தேன். போடவில்லை என்றால் என் வேலை என்ன? அந்த நப்பாசைதான் என்று நினைக்கிறேன். மாணவர்களின் தேர்வுத்தாள்களைத் திருத்தி முடித்த அன்று மாலை சுவிட்சைப் போட்டேன். எண் ஒன்று ஒன்றாக நகர்ந்தது.

அதற்குப் பிறகு எப்போதோ ஒரு நாள், சாப்பாட்டு மேசையில் என் மனைவி தட்டைத் தள்ளி வைத்தாள்.

"ஏறுதுங்க."

நான் தலையை நிமிர்த்தவில்லை.

"கோடு ஏறுது. இவன் எல்லா நட்டையும் முறுக்கிட்டான், சூட்டையும் கழிச்சிட்டான், ரோட்டுல லாரி ஓடாத ஞாயித்துக்கிழமையில மட்டும் எடுத்துப் பார்த்துட்டான். அப்பவும் ஏறுது!"

"பேசாதே அக்கா" என்றான் மச்சான், வாய் நிறையச் சோற்றோடு. "எதிரி இங்கதான் உட்கார்ந்திருக்கார். அத்தான், இங்க பாருங்க. என் கண்ணைப் பாருங்க. ஈயமா, தண்ணியா?"

நான் தண்ணீர் டம்ளரை எடுத்துக் குடித்தேன்.

"தண்ணி! அக்கா, தண்ணிங்கிறார்!"

"டேய், விக்கலுக்குக் குடிச்சார்டா."

அவள் சிரித்தாள். எழுந்துபோய்க் கை கழுவியவள், குழாயை மூட மறந்து, ஓடுகிற தண்ணீரைப் பார்த்தபடி நின்றாள். அவள் தோள்கள் ஆடிக்கொண்டிருந்தன. அழுகிறாளா என்று பதறி எட்டிப் பார்த்தேன். சத்தமில்லாமல் பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

நான் வண்டியை ஓட்டினேன், கோடு ஏறுகிறது. அவள் கொண்டாடுவது நான் செய்த பொம்மையை. ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் இப்போதே விழுந்து இப்போதே எழுந்துவிடுவாள். ஆனால் சொன்னால் ஆராய்ச்சியே செல்லாது. அந்த வாரங்களில் நான் காத்த மௌனம் என் சுபாவத்திலிருந்து வந்தது அல்ல. அதை ஒவ்வொரு வேளையும் மென்று விழுங்க வேண்டியிருந்தது. அவளோ நாளுக்கு நாள் இளமையாகிக்கொண்டே போனாள். படியை இரண்டிரண்டாக ஏறினாள். இத்தனை காலம் தன்னைக் கேலி செய்த தம்பியோடு உட்கார்ந்து ஒரே காகிதத்தில் கிறுக்கினாள். அவனும் மாறிவிட்டான். "நட்டு லூசு" என்பதை அவன் சொல்லி நாளாகிவிட்டது.

ஒருமுறை அவர்களுடைய வரைபடத்தைத் தற்செயலாகப் பார்க்க நேர்ந்தது. கோடு நான் சுவிட்சைப் போட்டதற்குச் சற்று முன்பே எழத் தொடங்கியது போல இருந்தது. பல நாள் அளவுகளைச் சேர்த்துச் சராசரி போடுகிறார்கள் அல்லவா, அதனால் விளிம்பு இப்படி முன்னால் வழிந்திருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு நகர்ந்துவிட்டேன். விளைவு காரணத்துக்கு முன்னால் வந்தால் காரணத்தைச் சந்தேகி என்று வகுப்பில் மேசையைத் தட்டிச் சொல்கிறவன்!

கடைசி நாள் வந்தது. நிலவறையில் தராசு அறைக்கு வெளியே ஒரு மேசை, ஒரு திரை, நான்கு நாற்காலி. கத்தரிக்கோல் நடுவில் உட்கார்ந்தார். இருவரும் கணக்கில் கையெழுத்துப் போட்டார்கள். என் மனைவியின் கையெழுத்து எப்போதும் சின்னது. அன்று காகிதத்தின் பாதியை அடைத்தது.

"இப்ப நீங்க சொல்லலாம்" என்றார் கத்தரிக்கோல் என்னிடம். "வண்டியை ஓட்டினீங்களா?"

நான் நின்றேனோ உட்கார்ந்தேனோ, "ஓட்டினேன்" என்றேன்.

மச்சான் கண்ணாடியைக் கழற்றி சட்டையில் துடைத்தான், துடைத்துக்கொண்டே இருந்தான். என் மனைவியை நான் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை.

"சரி" என்றாள் அவள். "எப்போ ஆரம்பிச்சீங்க, எவ்வளவு தூரம்? சொல்லுங்க. கழிப்போம்."

"அக்கா, விடு. நாளைக்குப் பார்க்கலாம்."

"கழிக்கணும்னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கோம்டா. கழி."

தேதியையும் பெட்டி காட்டிய தூரத்தையும் சொன்னேன். மச்சான் தட்டச்சு செய்தான். அவ்வளவு ஈயம் அவ்வளவு தூரம் நெருங்கினால் எவ்வளவு இழுக்கும் என்பது முன்பே கணக்கிட்டு வைத்ததுதான். திரையில் புதிய கோடு விழுந்தது.

நான் எதிர்பார்த்தது, கோடு படுத்துவிடும் என்று. அது படுக்கவில்லை. முதலில் ஏறியது. நான் சுவிட்சைப் போட்ட தேதிக்கு வந்ததும் முறிந்து கீழே இறங்கி, ஒரு பள்ளமாகக் கிடந்தது. யாரோ நல்ல துணியில் கத்தி வைத்துக் கிழித்தது போல.

கத்தரிக்கோல் பெருமூச்சு விட்டார். "சரியா வரலையே. அளவுலயே கோளாறு போல."

என் மனைவி எழுந்து திரைக்கு மிக அருகில் போனாள். மூக்கு இடிக்கிற தூரத்தில் நின்றாள்.

"இந்தப் பள்ளம் எங்கிருந்து வந்துச்சு?"

"கழிச்சதால வந்துச்சு" என்றான் மச்சான்.

"இருக்கிறதைக் கழிச்சா மேடுதான்டா சமமாகும். பள்ளம் எப்படி விழும்?" அவள் திரும்பினாள். அவள் முகத்தை அப்போதுதான் பார்த்தேன். எரிந்துகொண்டிருந்தது. "இல்லாததைக் கழிச்சாத்தான் பள்ளம் விழும்!"

மச்சான் திரையையும் கணக்குக் காகிதத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

"டேய், அத்தான் பெட்டியில ஓடுற எண் எதை எண்ணுது?"

"வண்டி போன தூரத்தை…"

"வண்டியையா எண்ணுது?"

அவன் முகம் மாறிய வேகத்தை நான் இன்னும் பார்க்கிறேன். "மோட்டார் சுத்தினதை எண்ணும்" என்றான் மெதுவாக. "மோட்டார் சுத்தினா வண்டி போயிருக்கும்ல? அந்தக் கணக்குதான்."

"போயிருக்குமா, போச்சா?"

அதற்குப் பிறகு நடந்தது எங்கள் மூவருக்கும் ஒரே மாதிரி ஞாபகம் இருக்கிறது. கத்தரிக்கோல்தான் முதலில் எழுந்தார். கைப்பையைக் கவிழ்த்துச் சாவியைத் தேடி எடுத்தார். அந்தக் கனத்த மனுஷி அந்த நடைகூடத்தில் ஓடியதை யாரிடம் சொன்னாலும் நம்பமாட்டார்கள். நாங்கள் பின்னாலேயே ஓடினோம். பூட்டு கொஞ்சம் முரண்டு பிடித்தது. "தள்ளுங்க மேடம்" என்று மச்சான் தோளால் கதவை இடித்தான்.

விளக்கைப் போட்டதும் முதலில் வந்தது தேய்ந்த ரப்பர் வாடை.

வண்டி புறப்பட்ட இடத்திலேயே நின்றுகொண்டிருந்தது. தண்டவாளத்தின் மேல் தூசி, ஒரு சக்கரம்கூடத் தொடாத மெல்லிய சீரான தூசி, அந்தக் கோடி முதல் இந்தக் கோடி வரை. மோட்டார் முனகிக்கொண்டு சுற்றியது. பெல்ட் வழுக்கிக்கொண்டே இருந்தது. அதன் கீழே கறுப்புப் பொடி ஒரு சின்னக் குன்றாகக் குவிந்திருந்தது. வண்டியின் பின்சக்கரத்துக்குள் விரல் தடிமனில் ஓர் இரும்பு முளை செருகியிருந்தது. பட்டறையிலிருந்து தூக்கி வரும்போது சக்கரம் உருளாமலிருக்க மச்சானே செருகிய முளை.

எடுக்க மறந்துவிட்டான்.

நான் தரையில் குந்தி அந்தத் தூசியைப் பார்த்தேன். இத்தனை வாரம் நான் சுமந்த ஈயம் ஓர் அங்குலம்கூட நகரவில்லை.

முதலில் சிரித்தது மச்சான். சுவரில் சாய்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டான். "காக்கா உட்காரப் பனம்பழம் விழுந்த கதைன்னு பசங்களுக்குப் பாடம் நடத்துவீங்களே அத்தான்! இங்க காக்கா உட்காரவே இல்லையே!"

"காக்காயைக் கட்டிப் போட்டது யாரு?" என்றேன்.

"அட, அத்தானுக்குக் கேட்ட உடனே பதில் வருது! அக்கா, குறிச்சுக்கோ!"

என் மனைவி சிரிக்கவில்லை. முளையின்மேல் ஒரு விரலை வைத்தாள், கோயில் வாசற்படியைத் தொடுவது போல. "அப்போ ஏறின கோடு பொய் இல்ல" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "இத்தனை நாளும் அது பொய்னு நினைச்சுக்கிட்டா என்கூடச் சாப்பிட்டீங்க?" என்றாள்.

நான் தலையாட்டினேன்.

"பாவம்" என்றாள். அந்த ஒரு சொல்லில் பல வாரங்கள் இறங்கின.

"சந்தோஷம் எல்லாம் அப்புறம்" என்றார் கத்தரிக்கோல். மூச்சு வாங்கியது அவருக்கு. "ஈயம் இல்லேன்னு ஆச்சு. தண்ணிதான்னு இன்னும் ஆகல. அந்த மிதவைப் பதிவைத் திறங்க. இப்பவே!"

திரும்பவும் ஓடினோம். அவசரத்தில் மச்சானுக்குக் கடவுச்சொல் இரண்டு தரம் தப்பியது. "உன் பிறந்தநாள்தானேடா, அதுகூடவா மறந்துபோச்சு?" என்று அக்கா அவன் தலையில் குட்டினாள். பதிவு திறந்தது. மேட்டில் மண்ணுக்கடியில் நீர்மட்டம் எந்த நாளில் எவ்வளவு என்று ஒரு நீலக்கோடு. அதன்மேல், எதையும் கழிக்காத தராசுக் கோடு கறுப்பில்.

நீலம் மழை தொடங்கிய உடனே ஏறவில்லை. மண் முதலில் குடிக்க வேண்டும் அல்லவா? சில காலம் படுத்துக் கிடந்து, பிறகு எழுந்தது. கறுப்பும் அங்கேதான் எழுந்தது. மழை விட்டிருந்த ஒரு வாரம் நீலம் சோர்ந்தது, கறுப்பும் சோர்ந்தது. நடுவில் ஒரு சின்னத் தோள் போலப் புடைப்பு. அது எதனால் என்று எங்களில் யாருக்கும் தெரியாது, ஆனால் இரண்டு கோட்டிலும் இருந்தது. ஒருவர் நடையை இன்னொருவர் பழித்துக் காட்டுவது மாதிரி இரண்டும் சேர்ந்தே போயின. என் தேதி அவற்றின் நடுவில் எங்கோ, ஒரு சுவடும் இல்லாமல் கிடந்தது.

"தண்ணி" என்றான் மச்சான். அவன் வாயிலிருந்து அந்தச் சொல் விளையாட்டில்லாமல் வந்தது அதுதான் முதல் தடவை.

என் மனைவி நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். அவள் தம்பி பின்னாலிருந்து அவள் தோளைப் பிடித்து உலுக்கினான். "சொல்லுக்கா, ஏதாவது சொல்லு!" கத்தரிக்கோல் மேசையில் கிடந்த கையெழுத்துக் காகிதத்தை எடுத்து, ஒருமுறை பார்த்து, மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். எதையும் வெட்டவில்லை. ஏதாவது கத்த வேண்டும் போல இருந்தது. கத்தினேன் என்றுதான் மச்சான் சொல்கிறான், என்ன கத்தினேன் என்பதை மட்டும் சொல்ல மறுக்கிறான்.

அறை காலியாகவில்லை. அந்த அளவு பிறகு வேறு இரண்டு இடங்களில் திரும்ப எடுக்கப்பட்டது. ஓரிடத்தில் வந்தது, ஓரிடத்தில் வரவில்லை. வராததற்குக் காரணம் பாறை என்று என் மனைவி சொல்கிறாள், நட்டு என்கிறான் தம்பி. அவள் இப்போது கிணறு வற்றிப்போன ஊர்களுக்குத் தராசை எடுத்துக்கொண்டு போகிறாள், வருடத்தில் பாதி நாள் வீட்டில் இல்லை. மச்சான் வேலையை விட்டுவிட்டு, ஆடாமல் தராசை ஏற்றிச் செல்லும் வண்டிகள் செய்யும் பட்டறை வைத்திருக்கிறான், கல்யாணமும் ஆகிவிட்டது. கத்தரிக்கோல் ஓய்வு பெற்று மகள் வீட்டில் இருக்கிறார், முழங்கால் வலி. நான் அதே துறையில் அதே பாடத்தை நடத்துகிறேன். சுவிட்சுப் பெட்டியைப் பிரித்துப் பாகங்களை எடுத்துக்கொண்டார்கள். ஈயக் கட்டிகளை மருத்துவமனையின் எக்ஸ்ரே அறைச் சுவருக்குக் கொடுத்துவிட்டோம்.